ஆறு தின்ற வயலும் நிற்கின்ற மண்சுவரும்: கிராஃப்டன் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆளில்லாமல் கிடக்கும் கிராஃப்டன் என்ற சிற்றூரின் பள்ளிக்கூடப் படத்தை நாலு வரிக் குறிப்போடு வெளியிட்டிருந்தோம். ‘படம் மட்டும் போட்டால் போதுமா, ஊரின் கதையைச் சொல்ல வேண்டாமா’ என்று நிறையக் கடிதங்கள் வந்தன. ஊரின் வரலாற்றைக் கேட்டவர்களைவிட மண்சுவரையும் வாய்க்காலையும் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். எங்களுக்கு அதில் தனி மகிழ்ச்சி. அந்த ஊர் ஏன் உருவானது, ஏன் காலியானது என்பதற்கான விடை அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

தேனி வாசகி: இந்த ஊர் சரியாக எங்கே இருக்கிறது? வறண்ட பாறை நாட்டில் பருத்தி விளைவித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லையே?

யூட்டாவின் தென்மேற்கு மூலையில், சயான் தேசியப் பூங்காவின் தெற்கு வாசலிலிருந்து சிறிது தூரத்தில், வெர்ஜின் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,100 மீட்டர். ஆண்டு மழை 40 சென்டிமீட்டரைத் தொட்டாலே நல்ல ஆண்டு. சுற்றிலும் செம்பாறைக் குன்றுகள், நடுவில் ஆறு கொண்டுவந்து கொட்டிய ஒரு துண்டு வண்டல் நிலம், அவ்வளவுதான்.

1859 டிசம்பரில் நேதன் டென்னி என்பவர் தலைமையில் ஐந்து குடும்பங்கள் பக்கத்து ஊரான வெர்ஜினிலிருந்து வந்து குடியேறின. எல்லோரும் மோர்மோன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். முதலில் அந்த இடத்துக்கு வீலர் என்று பெயர். பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் கிராஃப்டன் ஊரின் பெயர் இதற்கும் வந்தது.

பருத்திக்கு வருவோம். சபையின் தலைவர் பிரிகாம் யங்குக்கு ஒரு கொள்கை இருந்தது. தம் மக்கள் உடுத்தும் துணிக்கும் உண்ணும் தானியத்துக்கும் வெளியார் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது அது. சபையின் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியில் குளிர் அதிகம், பருத்தி வராது. தெற்கே இந்த மூலையிலோ உறைபனி இல்லாத நாட்கள் நீளம், கோடை வெயில் 38 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் மட்டும் கட்டிவிட்டால் பருத்திக்கு ஏற்ற இடம். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு தென்மாநிலங்களின் பருத்தி வரத்து அறுந்ததும் அவசரம் கூடியது. அந்த ஆண்டு 300க்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சபை இந்தப் பக்கம் அனுப்பி வைத்தது. பருத்தி விளையும் தென்மாநிலங்களுக்கு ‘டிக்ஸி’ என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. அதே பெயர் யூட்டாவின் இந்த மூலைக்கும் ஒட்டிக்கொண்டது.

பருத்தி நன்றாகவே வந்தது. தவறு வேறிடத்தில் நடந்தது. கையளவு நிலத்தில் பெரும்பகுதியைப் பருத்திக்கு விட்டுவிட்டதால் அடுத்த ஆண்டு சாப்பாட்டுக்குத் தானியம் போதவில்லை. பருத்தியை விற்றுச் சோளம் வாங்கலாம் என்றால் வாங்குவதற்குப் பக்கத்தில் சந்தையே கிடையாது. எல்லா ஊரும் தன் வாய்க்கே போராடிக்கொண்டிருந்த காலம். அதன் பிறகு மக்காச்சோளமும் கோதுமையும் முதலிடத்துக்கு வந்தன. 1869 மே மாதம் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை யூட்டாவிலேயே முடிச்சுப் போடப்பட்டது. அதில் ஏறி வந்த மலிவுத் துணியோடு டிக்ஸிப் பருத்தியால் போட்டி போட முடியவில்லை.

திருச்சி வாசகர்: ஒரே இரவில் வெள்ளத்தில் போன ஊர் என்று கேள்விப்பட்டேன். அதோடுதான் கைவிட்டார்களா?

ஒரே இரவில் போனது உண்மை. ஆனால் அதோடு கைவிடவில்லை. ஒரு வாரம் நீடித்த வெள்ளத்தில், 1862 ஜனவரி 8ஆம் தேதி இரவு பழைய கிராஃப்டன் கிட்டத்தட்ட முழுவதும் ஆற்றோடு போயிற்று. வீடுகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் துணிமணிகளும் மிதந்து போயின. கீழ்ப்பக்கம் கரைக்கு இழுத்துப் போட்டவற்றில் மூன்று பீப்பாய் வெல்லப்பாகும் இருந்தது என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. நேதன் டென்னியின் மனைவிக்கு அன்றிரவு பிரசவ வலி. அவர் படுத்திருந்த வண்டிக்கூட்டோடு சேர்த்துத் தூக்கி மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பிறந்த ஆண் குழந்தைக்கு மார்வெலஸ் ஃபிளட் என்று பெயர் வைத்தார்கள், ‘அதிசய வெள்ளம்’ என்று பொருள். அதே மாதத்தில் பக்கத்துச் சாண்டா கிளாராவில் குடியேறிகள் கட்டியிருந்த கோட்டையும் வெள்ளத்தோடு போனது.

தப்பியவர்கள் ஆற்றின் மேல்போக்கில் சுமார் ஒரு மைல் தள்ளி, சற்று மேடான இடத்தில் ஊரை மறுபடி எழுப்பினார்கள். நாம் இன்று பார்க்கும் கிராஃப்டன் அதுதான். 1864இல் அங்கே 28 குடும்பங்கள், 168 பேர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டை மேட்டுக்கு ஏற்றலாம், வயலை ஏற்ற முடியாது. தண்ணீர் எட்டும் மண் ஆற்றோரத்தில் மட்டும்தான் இருந்தது. அந்த நிலத்தை ஆறு அடுத்த அறுபது ஆண்டும் கரை கரையாக அரித்துத் தின்றுகொண்டே இருந்தது.

தஞ்சாவூர் வாசகர்: நான் விவசாயி. இவர்கள் அணை கட்டக் கட்ட ஆறு அடித்துக்கொண்டு போனது என்று எழுதியிருந்தீர்கள். எப்படிப்பட்ட அணை? வாய்க்கால் எப்படி எடுத்தார்கள்? ஏன் நிற்கவில்லை?

உங்களுக்கு எளிதில் புரியும். அவர்கள் கட்டியது நம் ஊர்க் கொரம்பு மாதிரிதான். ஆற்றின் குறுக்கே கல்லை அடுக்கி, இடையிடையே மரக்கிளையும் புதரும் செருகி, மண்ணைப் போட்டு அடைத்து, ஆற்று மட்டத்தை ஒன்றிரண்டு அடி உயர்த்துவார்கள். உயர்ந்த தண்ணீர் பக்கத்து வாய்க்கால் தலைப்பில் ஏறும். சிமென்ட் இல்லை, இரும்பு இல்லை. சாதாரண நீரோட்டத்துக்கு இது போதும். ஆனால் வெர்ஜின் சாதாரண ஆறு இல்லை. சயான் பள்ளத்தாக்குப் பகுதியில் அதன் சரிவு மைலுக்கு 50 அடியிலிருந்து 80 அடி வரை. ஜூலை முதல் செப்டம்பர் வரை மேலே மலையில் இடிமழை ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், வெறும்பாறையில் விழுந்த தண்ணீர் ஊறாமல் அப்படியே வழிந்து, சேறும் மரமுமாக வந்து சேரும். கொரம்பு முதல் அடியிலேயே போய்விடும். பயிருக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதங்களும் அவைதான்.

அணையைவிட வாய்க்கால்தான் அவர்கள் முதுகை ஒடித்தது. வாய்க்கால் எடுக்கும்போது ஆயிரம் அடிக்கு ஒன்றிரண்டு அடி வாட்டம் கொடுப்பது பொதுவான கணக்கு. வாட்டம் பார்க்க முக்கோணச் சட்டத்தில் தூக்குக்குண்டு கட்டியோ, தட்டில் தண்ணீர் ஊற்றியோ மட்டம் பிடிப்பார்கள். தெளிந்த தண்ணீருக்கு அந்த வாட்டம் சரி. வெர்ஜின் தண்ணீரிலோ மணலும் வண்டலும் கலந்தே வரும். வாட்டம் குறைவாக இருந்தால் தண்ணீர் மெதுவாகி வண்டல் அங்கேயே படிந்து வாய்க்கால் மேடேறும். வாட்டத்தைக் கூட்டினால் ஓட்டம் வேகமாகி மண்வாய்க்காலின் அடியை அரித்துக் கரையை உடைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சரியான அளவு இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஆற்றில் வண்டலின் அளவு வாரத்துக்கு வாரம் மாறும். ஆகவே மண்வெட்டியைத் தவிர வேறு வழி இல்லை. வீட்டில் துணி துவைப்பதுபோல வாரம் ஒருமுறையாவது வாய்க்கால் வெட்டியாக வேண்டும் என்று கிராஃப்டன் மக்கள் புலம்பினார்கள்.

நீர்ப்பங்கீடு ஒழுங்காகவே இருந்தது. மோர்மோன் ஊர்களில் யாருக்கு எவ்வளவு நிலமோ அந்த அளவுக்கு அணை வேலைக்கும் தூர் வாரவும் ஆள் தர வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச ஊருக்கு ஒரு நீர்ப்பொறுப்பாளர் உண்டு. நம் ஊர்க் குடிமராமத்தையும் முறைப்பாசனத்தையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நம் பக்கம் ஏரி என்ற ஒன்று வெள்ளத்தை வாங்கி, வண்டலைப் படிய வைத்து, தெளிந்த நீரை மடை வழியாக விடும். கிராஃப்டனில் அப்படி வாங்கி வைக்க இடமே இல்லை. ஆற்றிலிருந்து நேரே வயலுக்குப் போக வேண்டியிருந்தது.

மேல்மலையில் ஆடுமாடுகள் அளவுக்கு மேல் மேய்ந்து புல் அற்றுப்போனதும் வெள்ளம் இன்னும் மூர்க்கமானது. 1880களுக்குப் பிறகு தென்மேற்கு அமெரிக்காவில் பல ஆறுகள் இப்படிப் பள்ளம் பறித்துக் கரையைத் தின்றன.

புதுக்கோட்டை வாசகி: படத்தில் இருந்த பள்ளிக்கூடம் சுடாத மண்கல்லால் கட்டியது என்றீர்கள். நூற்று நாற்பது வருடம் மண்சுவர் எப்படி நிற்கும்? அந்தக் கல்லை எப்படிச் செய்தார்கள்? எங்கள் ஊரில் செய்து பார்க்க ஆசை.

அந்தப் பள்ளிக்கூடம் 1886இல் கட்டியது. பள்ளி, கோயில், ஊர்க்கூட்டம், நடனம் எல்லாம் அந்த ஒரே கூடத்தில்தான். கல்லுக்கு வேண்டிய களிமண்ணை ஊருக்கு மேற்கே ஒரு குழியில் வெட்டினார்கள். மரம் 75 மைல் தள்ளியிருக்கும் டிரம்புல் மலையிலிருந்து வந்தது. மாட்டு வண்டி நாளுக்கு 15, 20 கிலோமீட்டர் போகும் என்று வைத்தால் ஒரு வழிக்கே ஒரு வாரம். சுட்ட செங்கல்லுக்குச் சூளை வேண்டும், சூளைக்கு விறகு வேண்டும். உத்திரத்துக்கே மரம் இவ்வளவு தூரத்திலிருந்து வரும் இடத்தில் கல் சுட்டுக் கட்டுபடியாகாது. வெயிலோ இலவசம்.

செய்முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் மண்ணைச் சோதியுங்கள். கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, சிட்டிகை உப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாள் கழித்து. மூன்று அடுக்கையும் அளவுகோல் வைத்துப் பாருங்கள். களி ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்ல மண். அதிகமானால் காயும்போது சுருங்கி வெடிக்கும். குறைந்தால் விரலால் தேய்த்தாலே உதிரும். வெடிக்கிற மண்ணுக்கு மணல் சேருங்கள், உதிர்கிற மண்ணுக்குக் களி. மேல்மண் வேண்டாம், அதில் வேரும் மக்கும் இருக்கும். அரை அடிக்குக் கீழே வெட்டி எடுங்கள்.

மண்ணைக் குழியில் போட்டு நனைத்து ஒரு இரவாவது ஊற விட்டு, காலால் மிதித்து, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் சேர்க்க வேண்டும். வைக்கோல் கல்லுக்கு வலுவேற்றுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை, கல் உள்ளும் புறமும் ஒரே சீராகக் காய உதவுவதும் வெடிப்பைப் பரவ விடாமல் பிடித்துக்கொள்வதும். அச்சை நனைத்து, மூலைகளை விரலால் அழுத்தி நிரப்பி, மேலே வழித்துவிட்டு உடனே அச்சைத் தூக்குங்கள். கல் சரிந்து படுத்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள். 30 செ.மீ. நீளம், 15 அகலம், 10 உயரம் உள்ள கல் காய்ந்த பிறகு 8 கிலோ அளவில் இருக்கும், ஒருவர் கையால் எடுத்து அடுக்கலாம். ஒரு அடி தடிமன் சுவருக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கல் பிடிக்கும்.

அறுத்த கல் இரண்டு மூன்று நாள் படுத்தபடி காய வேண்டும். பிறகு பக்கவாட்டில் நிறுத்தி, ஒரு வாரம் கழித்து இடைவெளி விட்டு அடுக்கி, மொத்தம் மூன்று நான்கு வாரம் விட வேண்டும். முதல் நாள் உச்சி வெயிலில் வைக்கோலால் மூடாவிட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்து வெடிக்கும். நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்க ஒரு கல்லை இரண்டாக உடையுங்கள். நடுவில் கருத்த ஈரம் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து ஒரு மூலை படும்படி போட்டால் முனை சற்றே உடையலாம், கல் தூளாகக் கூடாது.

கட்டும்போது இணைப்புக் கலவையும் அதே மண்தான். ஒரே நாளில் இரண்டரை அடிக்கு மேல் உயர்த்தினால் ஈரக் கலவை நசுங்கிச் சுவர் வயிறு தள்ளும்.

இனி உங்கள் முதல் கேள்வி. மண்சுவரைக் கொல்வது வயது இல்லை, தண்ணீர். தலையும் காலும் நனையாமல் பார்த்துக்கொண்டால் நடு உடம்பு நூறாண்டு தாங்கும். கிராஃப்டன் பள்ளியின் அடித்தளம் எரிமலைக் கருங்கல். கீழே கறுப்பாக அந்தக் கல்வரிசையும் அதன் மேல் வெளிறிய மண்கல்லும் படத்திலேயே தெளிவாகத் தெரியும். நிலத்து ஈரம் கருங்கல்லைத் தாண்டி மண்கல்லுக்கு ஏறுவது கடினம். மேலே சரிவுக்கூரை. ஊரின் வறண்ட காற்றும் பெரிய துணை. நனைந்த சுவர் மறுநாளே காய்ந்துவிடும்.

சிவகங்கை வாசகர்: எங்கள் பாட்டனார் கட்டிய மண்வீட்டின் அடிச்சுவர் ஒரு முழ உயரத்துக்குக் குழிந்து உதிர்கிறது. சிமென்ட் பூசிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார். கிராஃப்டனில் எப்படிச் சரிசெய்தார்கள்?

தயவுசெய்து சிமென்ட் பூசாதீர்கள். நிலத்து ஈரம் சுவரில் ஏறி, ஒரு முழ உயரத்தில் வெளியே ஆவியாகிறது. தண்ணீர் போய் உப்பு மட்டும் தங்கி, படிகமாக விரிந்து, மண்ணை உள்ளிருந்தே உதிர்க்கிறது. நீங்கள் பார்க்கும் குழிவு அதுதான். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறும். பூச்சு வழவழவென்று அழகாக இருக்கும், உள்ளே சுவர் சேறாகிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பூச்சு பலகை போல் விழும்போதுதான் தெரியும். நியூ மெக்ஸிகோவில் ராஞ்சோஸ் டி டாவோஸ் என்ற ஊரின் பழைய மண்கோயிலுக்கு 1967இல் சிமென்ட் பூசினார்கள். உள்ளே சுவர் அழுகத் தொடங்கியதால் 1979இல் அத்தனையும் பெயர்த்துவிட்டு மறுபடி மண்ணும் வைக்கோலும் பூசும் பழைய வழக்கத்துக்கே திரும்பினார்கள்.

முதலில் ஈரத்தின் மூலத்தை நிறுத்துங்கள். பல ஆண்டுகளாகச் சுவரோரம் சேர்ந்த மண்ணை வெட்டி எடுத்து அடித்தளக் கல் வெளியே தெரியும்படி செய்யுங்கள். சுவரிலிருந்து ஐந்தாறு அடி தூரத்துக்கு நிலம் வெளிப்பக்கம் சாய வேண்டும். இறவானத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, குளியலறை நீர் அங்கே தேங்குகிறதா என்று பாருங்கள். சிமென்ட் தளம் சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் ஒரு அடி அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சரளை போடுங்கள். ஒரு கோடை முழுவதும் சுவர் உலரட்டும்.

பிறகு உதிர்ந்த பகுதியைக் கெட்டி மண் வரும்வரை சுரண்டி, அதே மண்ணில் அறுத்துக் காய்ந்த கல்லை வைத்து அடையுங்கள். ஒரே நேரத்தில் மூன்று அடிக்கு மேல் நீளமாகத் திறக்காதீர்கள், மேலே இருக்கும் பாரம் இறங்கிவிடும். ஒரு பகுதி காய்ந்த பிறகு அடுத்தது, அதுவும் ஒன்று விட்டு ஒன்றாக. பழைய பரப்பை இலேசாக நனைத்துவிட்டுக் கல்லை வைத்தால்தான் ஒட்டும். வெளிப்பூச்சுக்கு மண்சாந்து போதும். மழைபடும் பக்கத்துக்கு நன்றாக நீற்றி ஊறப்போட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சுவரைவிட வலுவான எதையும் சுவரில் ஒட்டக் கூடாது, இணைப்புக் கலவைக்கும் இதே விதிதான். கலவை கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் மழை கல்லை அரித்துக் கலவையை எலும்புக்கூடு போல விட்டுவிடும்.

கிராஃப்டனிலும் இதே பொறுமையான வேலைதான் நடந்தது. 1997இல் ஊரின் வழித்தோன்றல்களும் பக்கத்து ராக்வில் ஊராரும் அரசு நில மேலாண்மைத் துறையும் சேர்ந்து கிராஃப்டன் பாரம்பரியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தையும் ரஸல் குடும்பத்தின் மண்வீட்டையும் படிப்படியாகச் சீர்செய்தார்கள். கட்டடங்கள் மட்டும் போதாது என்று சுற்றியிருந்த வயல்களையும் காத்தார்கள். மிகச் சரியான முடிவு. வயல் இல்லாமல் அந்த வீடுகளைப் பார்த்தால் அவை ஏன் அங்கே இருக்கின்றன என்றே புரியாது.

சென்னை வாசகி: அந்த நிலம் யாருடையது? குடியேறிகள் வருவதற்கு முன் அங்கே யாரும் இல்லையா?

இருந்தார்கள். வெர்ஜின் ஆற்றங்கரையும் அதன் கிளையான சாண்டா கிளாராக் கரையும் தெற்குப் பையூட் மக்களின் நிலம். சிறு வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் பூசணியும் பயிரிட்டு வந்தவர்கள் அவர்கள். குடியேறிகள் பிடித்தது அதே கைப்பிடி ஈரநிலத்தை. அவர்களுடைய மாடுகள் மேய்ந்து தீர்த்தவை பையூட் மக்கள் விதை பொறுக்கிய புல்வெளிகள். பசியும் நோயும் அந்த மக்களின் தொகையைப் பெருமளவு குறைத்தன.

1866 இரு தரப்புக்கும் கொடிய ஆண்டு. ஜனவரியில் பைப் ஸ்பிரிங் அருகே இரண்டு குடியேறிகள் கொல்லப்பட, பழிவாங்கப் போன படையினர் பிடிபட்ட பையூட்டுகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி ராபர்ட் பெர்ரி, அவர் மனைவி மேரி இசபெல், தம்பி ஜோசப் மூவரும் ஷார்ட் கிரீக் பக்கம் கொல்லப்பட்டனர். சிற்றூர்கள் தனித்தனியே இருக்கக் கூடாது, பெரிய ஊர்களில் ஒன்றுசேர வேண்டும் என்று பிரிகாம் யங் ஆணையிட்டார். கிராஃப்டன் மக்கள் ராக்வில்லுக்குப் போனார்கள். பகலில் வந்து வயலைப் பார்த்துவிட்டு இரவில் திரும்பிவிடுவார்கள். 1868இல்தான் மறுபடி குடியேறினார்கள்.

நாகர்கோவில் வாசகர்: அங்கே பழைய இடுகாடு ஒன்று இருக்கிறதாமே?

ஊருக்குச் சற்று முன்பாக, வெட்டவெளியில், குன்றைப் பார்த்தபடி இருக்கிறது. 1860களிலிருந்து 1924 வரையான கல்லறைகள். எண்ணிக்கை 74 என்றும் 84 என்றும் சொல்கிறார்கள். பலவற்றுக்குக் கல் இல்லை, செம்மண் குவியலும் ஒரு மரப்பலகையும்தான். பெர்ரி குடும்பத்தாரின் கல்லறைகளைச் சுற்றி மரவேலி இருக்கிறது. பையூட் மக்கள் சிலரும் அதே மண்ணில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1866 என்ற ஆண்டைத் தேடிப் பாருங்கள், திரும்பத் திரும்ப வரும். அந்த ஓராண்டில் 13 பேர். மூவரைத் தவிர மற்றவர்கள் தாக்குதலில் இறந்தவர்கள் அல்லர். தொண்டை அடைப்பான் போன்ற நோய்களுக்குக் குழந்தைகள் பறிபோனார்கள். ஊஞ்சல் அறுந்து விழுந்து 13, 14 வயதுச் சிறுமிகள் இருவர் இறந்தார்கள். அமெரிக்க மேற்குப் பகுதியைப் பற்றிய கௌபாய் கதைகளில் துப்பாக்கிச் சத்தம்தான் கேட்கும். அந்த இடுகாட்டில் கேட்பது இருமல்.

ஈரோடு வாசகர்: வெள்ளத்தையும் சண்டையையும் தாங்கியவர்கள் கடைசியில் ஏன் போனார்கள்?

நல்ல தண்ணீர் வேறிடத்தில் கிடைத்தது. ஆற்றின் கீழ்ப்போக்கில் ஹரிக்கேன் என்ற மேட்டுச் சமவெளி இருக்கிறது. மண் நல்ல மண், ஆற்று மட்டத்துக்கு வெகு உயரத்தில் இருந்ததால் வெள்ளப் பயம் இல்லை, தண்ணீரும் இல்லை. மேல்போக்கில் அணை கட்டி, பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைச்சுவரைக் குடைந்து ஒரு கால்வாய் எடுத்தால் தண்ணீர் தானாகவே அந்த மேட்டுக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டார்கள். 1893இல் வேலை தொடங்கியது. நீளம் 12 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் மண்வெட்டியும் கடப்பாரையும் தள்ளுவண்டியும்தான் கருவி. கோடையில் சொந்த வயலைப் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் பாறையில் கூடாரம் போட்டு வெட்டுவார்கள். இடையில் பணமும் மனமும் தளர்ந்து நின்றுபோனது. 1902இல் சபை 5,000 டாலர் பங்குப்பணம் தந்த பிறகு வெடிமருந்து வாங்கித் தொடர்ந்தார்கள். 1904 ஆகஸ்டில் தண்ணீர் மேட்டைத் தொட்டது. 1906இல் ஹரிக்கேன் ஊர் பிறந்தது.

கிராஃப்டனிலிருந்தும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கால்வாய் வெட்டியவர்களிலேயே அவர்கள் இருந்தார்கள் என்பதால் அது புதிய ஊர் என்பதைவிடத் தங்கள் உழைப்பின் கூலி. 1919இல் பள்ளியில் ஒன்பது பிள்ளைகள்தான், பள்ளி மூடப்பட்டது. 1921இல் சபைக் கிளையும் கலைக்கப்பட்டது. ரஸல் குடும்பம் மட்டும் 1940களின் நடுப்பகுதி வரை இருந்தது.

கோவை வாசகர்: கலிஃபோர்னியாவின் போடி ஊரும் இப்படித்தானே?

இல்லை. போடி தங்கச்சுரங்க ஊர். 1870களின் இறுதியில் ஆயிரக்கணக்கில் பெருகி, தங்கம் குறைந்ததும் சில ஆண்டுகளில் வடிந்துவிட்டது. பணத்துக்காக வந்த தனி ஆட்கள் அதிகம். கிராஃப்டன் குடும்பங்கள் பயிர் செய்து வாழ வந்த ஊர். அது சுருங்க எண்பது ஆண்டு பிடித்தது. பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. 1962இல் மாநிலப் பூங்காவான போடியில் கட்டடங்களை விழாமல் பார்த்துக்கொள்வார்கள், புதுப்பிக்க மாட்டார்கள். மரக்கட்டடத்துக்கு அது சரிப்படும். மண்கட்டடத்தை அப்படி விட்டால் பத்து மழையில் மேடாகிவிடும். மண்ணுக்கு ஆண்டுதோறும் கை வேண்டும்.

பெங்களூர் வாசகி: மகனைப் பார்க்க லாஸ் வேகாஸ் போகிறேன். அங்கிருந்து கிராஃப்டன் போய்வர என்ன யோசனை சொல்வீர்கள்?

சயான் பூங்காவுக்குப் போகும் அதே 9ஆம் எண் நெடுஞ்சாலையில் ராக்வில் வரும். அங்கே பாலச்சாலை என்ற பிரிவில் தெற்கே திரும்பினால் 1924இல் கட்டிய ஒற்றை வழி இரும்புப் பாலம். அதைத் தாண்டி வலப்புறமாகப் போங்கள், நெடுஞ்சாலையிலிருந்து மொத்தம் ஐந்தரை கிலோமீட்டர் அளவு. கடைசிப் பகுதி மண்சாலை. காய்ந்திருந்தால் சாதாரணக் கார் போகும். மழை பெய்திருந்தால் போகாதீர்கள். அந்தக் களி நனைந்தால் சோப்பு மாதிரி, சக்கரத்தில் உருண்டு ஏறிக் காரைத் திருப்பவே விடாது. கடை, குடிநீர், கழிப்பறை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும் சிறந்த காலம். ஆற்றோரத்துக் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகி நிற்கும், வெயில் மட்டுப்பட்டிருக்கும். மாலை வெயிலில் எதிர்க்குன்றுகள் சிவந்து, பள்ளிக்கூடத்தின் வெளிறிய சுவரும் அந்தச் சிவப்பை வாங்கிக்கொள்ளும். காற்று நின்றால் ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். போகிற வழியில் முதலில் இடுகாட்டைப் பார்த்துவிட்டு ஊருக்குள் போங்கள், பெயர்கள் மனதில் இருக்கும்போது வீடுகள் வேறு மாதிரி தெரியும். 1920களின் இறுதியிலும் 1960களின் இறுதியிலும் இங்கே ஹாலிவுட் படங்கள் எடுத்திருக்கிறார்கள். அதைத் தேடி வருவோரும் உண்டு.

கட்டடங்கள் பூட்டியிருந்தால் ஜன்னல் வழியே பாருங்கள். சுவரில் சாயாதீர்கள், பெயர் கீறாதீர்கள். சுடாத மண்கல்லில் விரல் தேய்த்தாலே பொடி வரும், ஆண்டுக்கு ஆயிரம் விரல் பட்டால் அதுவும் ஒரு வெள்ளம்தான். வயல்கள் இன்றும் பயிராகின்றன, வேலி தாண்ட வேண்டாம். பழைய வாய்க்காலின் தடத்தைச் சாலையோரத்திலேயே தேடிப் பாருங்கள்: குன்றடியை ஒட்டி, ஒரே மட்டத்தில் வளைந்து போகும் மெல்லிய பள்ளம்.